தாரணி மிதந்த கிணறு

ஆம்பூர் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் பாதி ஏறியதும் என் மகள் தாரணி உட்கார்ந்துவிட்டாள். அரக்கோணத்தில் என் கொழுந்தனார் புதுவீடு கட்டிக் குடிபோகிற நாள் அது. கீழே ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. என் கணவர் ரவி பைகளோடு மேலே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“நீங்க போங்க மா. நான் இங்கயே இருக்கறேன்.”

அடம்பிடிக்கிற குரலாக இருந்திருந்தால் அதட்டியிருப்பேன். சொல்லை முடிக்க மூச்சு போதாத குரல் அது. முதுகில் கை வைத்தேன். புதுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இதயம் அடிப்பது துணியைத் தாண்டி என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, “குழந்தைக்குச் சாப்பாட்ட கம்மி பண்ணு மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ரயிலும் போய்விட்டது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினோம். கொழுந்தனாருக்கு ஃபோன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்றார் ரவி. எங்களுக்குச் சொல்லத் தெரிந்த நோய் அதுதான். பத்து வயதுக் குழந்தை குண்டாக இருப்பதை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தையும் இப்படி ஏதோ ஒரு படியில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள்.

காலையில் கம்பெனி வேன் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வந்து இறக்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும். ரவி சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தோல் ஏற்றி இறக்குவது அவர் வேலை. எங்கள் தெரு லாரிகள் திரும்புகிற தெரு. அதனால் பள்ளி விட்டு வந்ததும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இரு என்று தாரணிக்குச் சொல்லியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வார். டிவியும் ஃபோனும் மிக்சர் பாக்கெட்டும் அவளுக்குத் துணை. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. குழந்தை பத்திரமாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள்.

அந்த ரயில் தவறிய வாரமே வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைகள் பிரிவின் நடைவழியில் வரிசையாகக் கைவைத்த நாற்காலிகள். தாரணி உட்கார மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து நின்றாள். “கால் வலிக்கும், உக்காரு” என்று ரவி இரண்டு முறை சொன்னார். அந்த நாற்காலிக்குள் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது அது அவளோடு சேர்ந்து எழும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

மருத்துவர் என் வயதுப் பெண். எடை பார்க்கும் முன்பே தாரணியின் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். அங்கே தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும்.

“இதத் தேய்ச்சுப் பாத்தீங்களா?”

“பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்ப்பேன் டாக்டர். போகவே மாட்டேங்குது.”

“எல்லா அம்மாவும் அதத்தான் பண்றாங்க. இது அழுக்கு இல்ல. இனிமே தேய்க்காதீங்க, பாவம், எரியும்.”

அந்தக் கருமை இன்சுலின் எதிர்ப்பு நிலையின் அடையாளமாம் (சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலின் என்னும் சுரப்பு, அது நிறையச் சுரந்தும் உடம்பு அதற்கு இணங்காமல் போவதே இந்த நிலை). ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் குறை இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்குள் நுழைந்திருந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

“குறட்டை விடறாளா?” என்று கேட்டார்.

“அப்படியே அவங்க அப்பா மாதிரி” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்று, திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு புரளுகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்றும் (தொண்டையின் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பது), பகலில் வகுப்பில் அவள் தூங்கி வழிவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். அதற்குத் தனியாக ஒரு மருத்துவரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

ரவிக்கு மாத்திரை வேண்டும். “எதுனா எழுதிக் குடுங்க டாக்டர். எவ்ளோ செலவானாலும் பரவால்ல.”

“இப்போதைக்கு மாத்திரை வேணாம். சாப்பாட்டுல என்ன மாத்தணும்னு ஒருத்தங்க சொல்லித் தருவாங்க. ஆனா முக்கியமான மருந்து ஓடி ஆடறதுதான். தினமும் மொத்தமா ஒரு மணி நேரம். ஒரேயடியா வேணாம், பிரிச்சுப் பிரிச்சுப் பண்ணலாம்.”

“எத்தன கிலோ குறைக்கணும்?”

“கிலோவ விடுங்க. ஏறாம பாத்துக்கிட்டாலே போதும். வளர்ற பொண்ணு. உயரம் ஏற ஏற அந்த எடை உடம்புல பரவி நிக்கும். எனக்கு வேண்டியது அவளோட மூச்சு. படி ஏறினா வாங்காத மூச்சு.” பிறகு தாரணியின் பக்கம் திரும்பினார். “நீ ஸ்கூல்ல என்ன வெளையாடுவ?”

“பாட்டில் பாத்துக்குவேன்” என்றாள் தாரணி.

விளையாட்டு வகுப்பில் மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களையும் வளையல்களையும் பார்த்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பது அவள் வேலை. எங்களிடம் பெருமையாகச் சொல்வாள். மருத்துவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “சரி, அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடலாம்” என்றார்.

அங்கிருந்து இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சியாலும் கையால் அழுத்தி நீவுவதாலும் சிகிச்சை தருபவர்) அனுப்பினார்கள். இளைஞர். நீளமான நடைவழியில் அவளை முடிந்த வேகத்தில் போய்த் திரும்பி நடக்கச் சொல்லி, கூடவே நடந்தார். எவ்வளவு தூரம் நடக்கிறாள், எப்போது நிற்கிறாள் என்று பார்க்கிற பரிசோதனை அது. தாரணி சுவரைப் பிடித்து நின்று நின்று நடந்தாள். முடித்ததும் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து அவள் தொடைத் தசையை அழுத்திப் பார்த்தார்.

“உன் கால் எவ்ளோ பலம்னு உனக்குத் தெரியுமா? இவ்ளோ எடைய தெனம் தூக்கிட்டு நடக்குது. பலம் இருக்கு. மூச்சுதான் பழகல. அதப் பழக்கிடலாம்.”

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அந்தக் காலைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே தொடங்கிவிட்டேன். விடிந்ததும் எழுப்பி, நடைப்பயிற்சிக்குப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். நடக்க வருகிற பெரியவர்கள் எல்லோருக்கும் எங்களிடம் சொல்ல ஒரு வைத்தியம் இருந்தது. கொள்ளு, சீரகத் தண்ணீர், எலுமிச்சம்பழம். “இன்னா மா, பொண்ண இளைக்க வெக்கிறியா? இப்பவே பண்ணாத்தான் நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு...” என்றார் ஒரு அம்மா, தாரணி பக்கத்தில் நிற்கும்போதே. நான்காம் நாள் அவள் போர்வையை விலக்கவில்லை.

மொட்டை மாடியில் கயிறு தாண்டச் சொன்னேன். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் விட்டம் அதிர்கிறது என்றார். அதோடு முட்டியும் வலிக்கத் தொடங்கியது. சரி, மாடியிலேயே நட என்றேன். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தால், “நடந்துட்டேன் மா” என்பாள். ஒருநாள் வேன் சீக்கிரம் வந்துவிட்டது. மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கால்களை அகட்டி நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். “இன்னா பண்ணுது? சொல்லு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “நடந்தா தொட ரெண்டும் ஒரசி எரியுது மா. ஸ்கூல்ல உக்கார முடில.”

வீட்டுக்குள் அழைத்துப் போய்ப் பார்த்தேன். தொடையின் உள்பக்கம் இரண்டும் சிவந்து, ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் வந்த புண் இல்லை. குண்டான குழந்தைகளை நடக்கச் சொல்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நாம் நினைப்பது சில நேரம் தோல் எரிச்சலாக இருக்கும். அவர்களுக்கு அதை வெளியே சொல்ல வெட்கம்.

எனக்குத் தெரிந்த வேலை தையல். வியர்வையை உறிஞ்சுகிற மெல்லிய பனியன் துணி வாங்கி, தொடைவரை நீண்ட உள்கால்சட்டை தைத்தேன். உள்பக்கத்தில் தையல் விளிம்பு வராதபடி வெளியே தள்ளித் தைத்தேன்; ஷூவுக்குள் காலில் படாமல் தைப்போமே, அந்த மாதிரி. புண் ஆறும்வரை நடை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். புண் ஆறிய பிறகு அதைப் போட்டுக்கொண்டு மாடியில் நடந்து பார்த்தவள், “எரியல மா” என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. நடந்தால் எரிவது எல்லோருக்கும் இருக்கிற ஒன்று என்று நினைத்திருக்கிறாள்.

ஆனால் முட்டி வலி போகவில்லை. அடுத்த முறை வேலூர் போனபோது, நடக்கவைத்துப் பார்த்த அந்த இளைஞர், “தண்ணில எறக்குங்களேன். தண்ணி எடையத் தாங்கிக்கும், முட்டி தப்பிச்சுக்கும். மூச்சும் நல்லாப் பழகும். நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க கூடவே இருக்கணும், அவ்ளோதான்” என்றார்.

எங்கள் பக்கம் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? கிணறுகள் இருக்கின்றன. ஆனால் தோல் பதனிடுகிற கழிவு நிலத்தடியில் இறங்கிப்போன ஊர் எங்களுடையது. அந்தத் தண்ணீரில் குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கும். கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது புலம்பிக்கொண்டிருந்தேன். என் பக்கத்து மிஷினில் தைக்கிற கஸ்தூரி கேட்டுக்கொண்டிருந்தாள். பேரணாம்பட்டு தாண்டி மலையடிவாரத்தில் அவளுடைய ஊர்.

“இதுக்கா அக்கா பேஜார் ஆவுற? எங்க ஊட்டுக் கெணறு இருக்குதே. மலத் தண்ணி, சுத்தமா இருக்கும். ஞாயித்துக்கெழம வந்துடுங்க.”

ரவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மாத்திரை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அவரைப் பொறுத்தவரை தாரணிக்கு ஒன்றுமில்லை. வயதுக்கு வந்தால் தானாக இளைத்துவிடும் என்பார். “நானும் சின்ன வயசுல குண்டுதான், இப்ப இன்னா கெட்டுப் போய்ட்டேன்?” ஆனால் கிணறு என்றதும் பயந்துவிட்டார். “நீ நீச்சல் தெரியாத ஆளு. குழந்தையத் தள்ளிட்டு நின்னு வேடிக்க பாப்பியா? நான் வர்றேன்” என்று லோடு வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார்.

கஸ்தூரி வீட்டுக் கிணறு அகலமானது. சுற்றிலும் கல் வைத்துக் கட்டி, ஒரு பக்கம் தண்ணீர்வரை படி இறங்கும். தென்னை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள் கஸ்தூரி. காலி எண்ணெய் கேன்கள் இரண்டை மூடி இறுக்கி, தாரணியின் முதுகில் கட்டினாள். அவளே முதலில் இறங்கி நீந்திக் காட்டினாள். தாரணி கடைசிப் படிவரை இறங்கி, தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் நின்றுவிட்டாள்.

“எறங்கு கண்ணு, நான் புட்சுக்கறேன்” என்றாள் கஸ்தூரி.

தாரணி தலையை ஆட்டினாள். நான் கூப்பிட்டேன். அவள் அப்பா கூப்பிட்டார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் இறங்கிப் போய், பயமா என்று கேட்டேன்.

“பயம் இல்ல மா. நான் எறங்கினா தண்ணி எல்லாம் வெளிய வந்துடுமாம். கிளாஸ்ல சொல்வாங்க.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கிணறு அந்த வார்த்தையை மேலே நின்றவர்வரை கொண்டுபோய்விட்டது. ரவி சட்டையைக் கழற்றினார். லுங்கியை இறுக்கித் தார்பாய்ச்சிக் கட்டினார். வண்டியோட்டும் தொப்பையோடு மேல் விளிம்பிலிருந்து அப்படியே குதித்தார். கிணறே அதிர்ந்தது. எங்கள் எல்லோர் மேலும் தண்ணீர் தெறித்தது. அவர் தலை மேலே வந்ததும் வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்தார்.

“எம்மாம் பெரிய ஆளு நானு! எங்க, தண்ணி வெளிய வந்துதா பாரு!”

தாரணி அண்ணாந்து கிணற்றின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள்.

அதன் பிறகு நடந்ததை நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கேன்களோடு காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேன்களை அவிழ்த்துவிட்டு, ரவி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளை மல்லாக்கப் படுக்க வைத்து முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தார். “வயித்த மேல தூக்கு. தலையச் சாய்ச்சுடு. ஆகாசத்தப் பாரு.” கஸ்தூரி மறுபக்கம் நீந்திக்கொண்டே காவல் இருந்தாள். ரவி சொல்லாமல் கையை எடுத்தார். தாரணி அப்படியே கிடந்தாள். வயிறும் முகமும் கால்விரல்களும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. முதல் நாள் இறங்குகிற யாரும் இப்படி மிதந்து பார்த்ததில்லை என்றாள் கஸ்தூரி.

“கையை வுட்டுட்டியா பா?”

“எப்பவோ வுட்டுட்டேன்.”

அவள் காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் அவர் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் தெரிந்துவிட்டது. “மா! நான் மெதக்கறேன் மா!” என்று கத்தினாள்.

நானும் அவளைப் பார்த்து இறங்கிப் படுத்துப் பார்த்தேன். எலும்பும் தோலுமான என் கால்கள் இரண்டும் கீழே இறங்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். “உனுக்கு வரல, எனுக்கு வருது” என்று அவளுக்கு ஒரே கொண்டாட்டம். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, அதனால் அவளுக்கு மிதப்பது சுலபம் என்று பிற்பாடு அந்த இளைஞர் விளக்கினார். அன்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த உடம்பால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது என்று என் மகள் கண்டுபிடித்த நாள் அது.

திரும்பும்போது ரவி படியேறி வந்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. தாரணி ஈரத் துணியோடு அவர் எதிரே போய் நின்றாள். “மூக்குல இழுத்து வாயால மெதுவா ஊது பா. அவசரப்படாத” என்று, வேலூரில் தனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவருக்குச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே ஊதினார். அடுத்த வாரம் அவரும் ரத்தம் பரிசோதித்தார். சர்க்கரை இருந்தது. “குழந்தைக்கு ஒண்ணும் இல்ல” என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிணறு. கஸ்தூரியின் அம்மா எங்களுக்காக வேர்க்கடலை வேகவைத்து வைத்திருப்பார். நீந்திவிட்டு வருகிற பசிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. மருத்துவர் பிரியாணியைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. அளவைத்தான் குறைக்கச் சொன்னார். பாக்கெட் தீனியும் கலர் பானங்களும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்று வைக்கவில்லை. மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே அளவுக் கரண்டி.

வார நாட்களில் பயிற்சி என்ற சொல்லையே விட்டுவிட்டோம். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது யார் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் போட்டி. சுவரைத் தள்ளுவது, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது எல்லாம் தசைக்கு பலம் தருகிற வேலைகள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரின் பேத்திகள் இருவர் மாடிக்கு வரத் தொடங்கினார்கள். மூன்று பேரும் பாண்டி கட்டம் போட்டு நொண்டியடித்தார்கள். விட்டம் அப்போதும் அதிர்ந்திருக்கும். சொந்தப் பேத்திகளும் சேர்ந்து அதிர வைத்ததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைத் தாழ் போடச் சொல்வதை நிறுத்திவிட்டு, மாடிச் சாவியை அவளிடமே கொடுத்தேன்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் கிணறு விளிம்புவரை நிரம்பியது. இப்போது வேண்டாம் என்று கஸ்தூரி வீட்டில் சொல்லிவிட்டார்கள். தாரணிக்குக் காய்ச்சல், பிறகு பரீட்சை. பழையபடி வீட்டுக்குள்ளேயே டிவி. தைத்துக் கொடுத்த உள்கால்சட்டை இடுப்பில் இறுக்கியது. ரவி பதறிப்போய் எடை பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வொரு காலையும் அதன் மேல் ஏறி நின்று அவள் முகம் விழுவதைப் பார்த்தேன். பள்ளிக்குப் போகும் முன்பே அவளுக்கு அந்த நாள் தோற்றுவிடும். மருத்துவரிடம் சொன்னபோது, “அதத் தூக்கிப் பரண்ல போடுங்க. எடையப் பாக்கறது என் வேலை” என்றார். போட்டோம். தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் மறுபடி கிணற்றுக்குப் போனோம். விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியவில்லை. கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினோம். அதுவும் தொடக்கம்தான் என்று அவளே சொன்னாள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து எல்லாப் பரிசோதனையும் திரும்பச் செய்தார்கள். முடிவு வரும்வரை நடைவழியில் காத்திருந்தோம். ரவி கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். எடை அநேகமாக அப்படியேதான் இருந்தது. அவள் வளர்ந்திருந்தாள், என் தோளைத் தொட்டுவிட்டாள். சராசரிச் சர்க்கரை எல்லையைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. கல்லீரல் கொழுப்பு குறைந்திருந்தது, முழுவதும் போகவில்லை. கழுத்துக் கருமை வெளிறியிருந்தது. குறட்டை நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. சத்தமே இல்லாததால் நாங்கள்தான் அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்ப்போம்.

மறுபடி அந்த நடைவழியில் நடக்கச் சொன்னார்கள். இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை. திரும்பும் இடங்களில் அந்த இளைஞரை முந்திக்கொண்டு திரும்பினாள்.

“ஒல்லியாகலயே டாக்டர்” என்றேன், என்னையும் மீறி.

“ஆகணும்னு யார் சொன்னா?” என்றார் மருத்துவர். “இவ உடம்பு வாகு இது. இந்த உடம்பு நல்லா ஓடுது. அவ்ளோதான் நமக்கு வேணும். விடாம பாத்துக்குங்க.”

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அதுவரை எங்கள் வீட்டில் எல்லாமே வருங்காலத்தில் இருந்தது. இளைத்த பிறகு பாவாடை தாவணி வாங்கலாம், இளைத்த பிறகு அரக்கோணம் போகலாம், இளைத்த பிறகு ஃபோட்டோ எடுக்கலாம். இப்போது அந்தப் ‘பிறகு’ இல்லை. தாவணியை அந்த மாதமே வாங்கினோம், அவள் அளவுக்கு. எனக்கும் மிதக்க வந்துவிட்டது, ஒருவழியாக. மிஷின் முன்னால் குனிந்தே இருக்கிற என் முதுகு, வாரத்தில் ஒருநாள் தண்ணீரில் நீண்டு கிடக்கிறது. அந்த நேரத்தில் அது யாருக்காகவும் எதையும் தைப்பதில்லை. என் உடம்பு என்று ஒன்று எனக்கு இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். பள்ளி விட்டு வெகுநேரமாகியும் தாரணி வரவில்லை. மணியடித்தால் நேரே வீட்டுக்கு வருகிறவள். வாசலில் நின்றேன், தெருமுனைவரை போனேன், திரும்பினேன். ஃபோனைக் கையில் எடுத்தபோது அவள் வந்தாள். முகமெல்லாம் புழுதி. ஒரு காலை லேசாக விந்தி நடந்தாள். சீருடையின் முட்டியில் கிழிசல்.

“இன்னாடி ஆச்சு?”

“கோ-கோ மா. எங்க டீம்ல ஒரு ஆள் கம்மியா இருந்துது, என்ன வரச் சொன்னாங்க. ரம்யாவத் தொரத்தினு போனேன். வழுக்கிடுச்சு.”

“அடிபட்டுதா? யாருனா தள்னாங்களா?”

“யாரும் தள்ளல. அவளத் தொட்டுட்டேன் மா. தொட்டப்புறம்தான் வுழுந்தேன்.”

உள்ளே உட்கார வைத்துக் கழுவினேன். முட்டியின் மேல் தோல் சிராய்த்து, மண் ஒட்டி, ரத்தம் காயத் தொடங்கியிருந்தது. நாங்கள் எல்லாம் அந்த வயதில் முட்டி முழுக்கக் காயத்தோடு திரிந்தோம். அவளுக்குப் பதினோரு வயதில் இதுதான் முதல். மருந்து வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“தழும்பு வுழுமா மா?”

பயந்து கேட்கிறாள் என்று நினைத்து, “அதெல்லாம் வுழாது, ரெண்டு நாள்ல போய்டும்” என்றேன்.

அவள் முகம் வாடிப்போனது. மறுபடியும் ஒருமுறை காயத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“லேசா வுழும்” என்றேன்.